செம்பிக்கு வைத்த பத்தியம்

நல்லெண்ணெயில் உரித்த பூண்டு சிவக்கும்போது கிளம்புகிற வாசம் இருக்கிறதே, அதற்காகவே எங்கள் அம்மாவின் சமையலைப் புகழ்கிறவர்கள் உண்டு. எனக்கோ அந்த வாசம் வந்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவேன். இப்போது அது காலையும் மாலையும் வீடு முழுக்க நிற்கிறது. எனக்குப் பிள்ளை பிறந்து பத்தொன்பது நாளாகிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரவேண்டும் என்கிற வழக்கப்படி கொல்லிமலைக்கு, வாழவந்தி நாடு என்கிற ஊர்க்கூட்டத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கு வந்து, அம்மா வீட்டு உள்ளறையில் படுத்துக் கிடக்கிறேன். அடுப்படியில் அம்மா எனக்காகத்தான் பூண்டு வதக்குகிறாள். சும்மா படுத்துக் கிடப்பவளுக்கு நினைப்புதான் வேலை. அதுவும் எனக்கு நல்ல நினைப்பாகவா வரும்? செம்பியின் நினைப்புதான் வருகிறது.

செம்பி எங்கள் வீட்டு நாய். நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் அவளுக்கு நான் செய்த ஒரு காரியத்தை நேற்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. கட்டிய புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. இங்கே சொல்லப்போகிறேன். அதற்கு முன் அவள் யாரென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒரு நாய்க்காகவா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பீர்கள்.

செம்மண் நிறம், நெஞ்சில் மட்டும் ஒரு வெள்ளைத் தீற்று, ஒரு காது எப்போதும் மடங்கியே இருக்கும். எங்கள் சரிவுக் காட்டில் குச்சிக்கிழங்கும் வாழையும் சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடியும் இருந்தன. அந்தக் காட்டுக்கு வருகிற குரங்குக் கூட்டத்தை விரட்டுவதுதான் அவள் உத்தியோகம். அவள் குரைத்துக்கொண்டு மேட்டில் ஏறினால் குரங்குகள் பலாப்பழத்தைப் பாதியில் போட்டுவிட்டு ஓடும். அதற்குக் கூலியாக அவளே சில காரியங்களைச் செய்துகொள்வாள். கோழி கொக்கரித்து வாய் மூடுவதற்குள் முட்டையைக் கவ்விவிடுவாள், கருவாட்டுத் தலைகளைக் குப்பையிலிருந்து பொறுக்குவாள், மோர்ச் சட்டியில் மூக்கை விடுவாள், மேல் வீட்டில் கோழிக் குழம்பு என்றால் எலும்பு விழும்வரை அங்கேயே தவம் கிடப்பாள். "திருட்டுக் கழுத" என்று அம்மா விறகுக் கட்டையை வீசாத நாள் கிடையாது. கட்டை ஒருநாளும் அவள்மேல் பட்டதும் கிடையாது.

அந்த வருடம் அக்காவும் செம்பியும் ஒரே சமயத்தில் பிள்ளைத்தாச்சிகள். அக்காவை அடிவாரத்து ஊரில் கட்டிக் கொடுத்திருந்தோம், தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். "ஊட்டுல ரெண்டு பேரு வவுத்தத் தள்ளிக்கிட்டு நிக்கறாளுக, நான் ஒருத்தி எத்தனைக்குத்தான் ஓடறது" என்று அம்மா சலித்துக்கொள்வாள், ஆனால் முகத்தில் சிரிப்பு இருக்கும். அக்காவுக்கு ஆண் பிள்ளை பிறந்து நாலாவது நாள், மாட்டுக் "கொட்டாய்" மூலையில் செம்பி ஐந்து குட்டிகளை ஈன்றாள்.

எங்கள் வீட்டுப் பத்தியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெற்றவளை எங்கள் அம்மா "பச்ச ஒடம்புக்காரி" என்பாள். பச்ச ஒடம்புக்காரிக்குச் சாமைச் சோறும், பூண்டும் மிளகும் அரைத்துவிட்ட குழம்பும்தான் சாப்பாடு. பால் குடித்தால் பிள்ளைக்கு மாந்தம், முட்டை தின்றால் புண் ஆறாது, கறி தின்றால் சூடு, மோர் சளி. வெந்நீர்கூட அளந்துதான் வரும். தீட்டு கழிகிற முப்பதாம் நாள் வரை வாசல் தாண்டக் கூடாது. அக்கா ஒருநாள் ஒரு டம்ளர் பால் கேட்டு அழுதே விட்டாள். "முப்பது நாளு பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தீன்னா முப்பது வருசத்துக்கு ஒடம்பு கல்லாட்டம் நிக்கும் கண்ணு" என்று சொல்லி அம்மா மறுத்துவிட்டாள். வன்மம் ஒன்றுமில்லை, அத்தனையும் பாசம். அதுதான் இதில் கொடுமை.

நான் எல்லாவற்றையும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அக்காவுக்கு அம்மா இருக்கிறாள், செம்பிக்கு யார் இருக்கிறார்கள் என்று தோன்றிவிட்டது. பத்து வயதுக் கழுதைக்குப் பொறுப்பு வந்தால் எப்படி இருக்கும்? செம்பிக்கும் நான் பத்தியம் வைத்தேன்.

அவளும் பச்ச ஒடம்புக்காரிதானே? கொட்டாய்க் கம்பத்தில் சங்கிலி போட்டுக் கட்டினேன், வாசல் தாண்டக் கூடாதல்லவா. அக்காவின் தட்டில் மிஞ்சிய பூண்டுச் சோற்றை வெந்நீரில் கரைத்துக் கஞ்சியாக்கி இரண்டு வேளை ஊற்றினேன். முட்டை கிடையாது, கருவாடு கிடையாது, மோர்ச் சட்டியைப் பரணில் ஏற்றிவிட்டேன். அம்மாகூட, "பாருங்க, உங்க சின்னப் புள்ள நாயிக்குப் பெரசவம் பாக்குறா" என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒருநாள் மேல் வீட்டிலிருந்து யாரோ ஒரு கோழிக்கால் எலும்பை எறிந்தார்கள். சங்கிலி எட்டுகிற தூரத்தில் விழுந்துவிட்டது. செம்பி அதைக் கவ்விய நேரம் நான் பார்த்துவிட்டேன். ஓடிப்போய் அவள் வாயைப் பிளந்து, உள்ளே கையை விட்டு அந்த எலும்பைப் பிடுங்கி மேட்டுக்கு அப்பால் எறிந்தேன். அவள் உறுமவில்லை, பல்லைக்கூட இறுக்கவில்லை, கொடுத்துவிட்டாள். கொடுத்துவிட்டு என் மணிக்கட்டை நக்கினாள்.

ஒரு நோஞ்சானைத் தவிர மற்ற குட்டிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன, செம்பியின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. பால் கொடுக்கிறவள் இளைக்கத்தான் செய்வாள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். இருபதாம் நாள் அவள் நடையில் ஏதோ கோளாறு இருந்தது, முட்டி மடங்காமல் கட்டைக்காலில் நடப்பதுபோல் நடந்தாள். முகத்தைக் காலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். குட்டிகள் மடிக்கு வந்தால் எழுந்து விலகிப் போனாள். இவையெல்லாம் இன்று வரிசையாக நினைவுக்கு வருகின்றன, ஒவ்வொன்றும் அவள் எனக்குச் சொன்ன சேதி. அன்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இருபத்தோராம் நாள் காலை நான் கஞ்சியோடு போனபோது அவள் நின்றுகொண்டே நடுங்கினாள். நாக்கு ஒரு முழம் தொங்கியது, அப்படி ஒரு இரைப்பு, வாயோரம் எச்சில் நூலாக வழிந்தது. தாடை தானாக அசைபோட்டது. கண்கள் என்னைப் பார்த்தன, ஆனால் நான் யாரென்று தெரிந்த பார்வை இல்லை. வெயில் சூடு தாங்கவில்லை போலிருக்கிறது என்று எண்ணி ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிவந்து அவள்மேல் ஊற்றினேன். தண்ணீர் பட்டதுதான் தாமதம், துள்ளி விழுந்து விறைத்து, கால் நான்கையும் ஓடுகிற மாதிரி உதைத்துக்கொண்டாள். நான் போட்ட கூச்சல் ஊரையே கூட்டிவிட்டது.

முதலில் வந்தவர் மேல் வீட்டு மாமா. போன வருடம்தான் அவருடைய கன்று வெறிநாய் கடித்துக் கண்ணெதிரே செத்திருந்தது. அவர் கொட்டாய்க்குள் எட்டிப் பார்த்ததும் திரும்பிப் போய் ஒரு மூங்கில் கழியோடு வந்தார்.

"மாப்ள, இது வெறியேதான். வாயில நொரை தள்ளுது, காலு வெறைக்குது, தண்ணியக் கண்டு மெரளுது. குள்ளநரி ஏதாச்சும் கடிச்சிருக்கும். புள்ளைகளக் கடிக்கறதுக்கு முன்ன முடிச்சுப் போட்டறலாம்" என்றார் அப்பாவிடம்.

அம்மா என் இரண்டு கைகளையும் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு, "அய்யோ, இந்தப் புள்ள அது வாயில கைய வுட்டுக் கெடந்துச்சே சாமி, நான் என்ன பண்ணுவேன்" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். நான் செம்பியின் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், யாரோ என் இடுப்பைப் பிடித்து "அக்கட்டால வா கண்ணு" என்று இழுத்தார்கள், நான் அவரைக் கடித்தேன். வெறி பிடித்தது யாருக்கு என்று அந்த நேரத்தில் கேட்டிருந்தால் எனக்குத்தான் என்று சொல்லியிருப்பார்கள்.

அப்போதுதான் அக்கா வெளியே வந்தாள். தீட்டு கழியாத பச்ச ஒடம்புக்காரி, தலைமுடி அவிழ்ந்து கிடக்க, வாசற்படியைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, ஆம்பளைகள் நடுவே நடந்துவந்து கொட்டாய்க்கு முன்னால் நின்றாள். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு, "அடியே, உள்ள போடி" என்று அலறினாள்.

"கழியக் கீழ போடுங்க மாமா" என்றாள் அக்கா. "நம்ம லச்சுமி போன வருசம் கன்னு போட்ட மூணாம் நாளு வெறைச்சுப் போயி விழுந்து கெடந்தாளே, மறந்து போச்சா? டாக்டரு வந்து பாட்டில் மருந்து ஏத்துன பொறவு எந்திரிச்சு நிக்கல? இவளும் அஞ்சுக்குப் பால் குடுக்கறவதானுங்க."

"மாடு வேற, நாயி வேற கண்ணு."

"பாலு ஒண்ணுதானுங்க மாமா."

மாமா கழியைக் கீழே போடவில்லை, ஆனால் ஊன்றிக்கொண்டு நின்றார். அப்பா ஒரு கோணிச் சாக்கை எடுத்துவந்தார். செம்பியின் வாயைத் துண்டால் கட்டப் போனபோது அக்கா, "கட்டாதீங்கப்பா, மூச்சு முட்டிச் செத்துருவா, தலைய மட்டும் வெளிய வுடுங்க" என்று தடுத்தாள். சாக்கில் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரிய, மோட்டார் வண்டியில் அப்பாவுக்கும் எனக்கும் நடுவே அவளை வைத்தோம். "வாயிப் பக்கம் கைய வெக்காத சாமி" என்று மட்டும்தான் அப்பா என்னிடம் சொன்னார்.

சாக்கை மீறி அவள் உடம்பு கொதித்தது, என் தொடை சுட்டது. கால்நடை மருந்தகத்துக்குப் போனால் கதவு சாத்தியிருந்தது. வெளியே நின்ற ஆள், டாக்டரம்மா ஆட்டுக்கு ஊசி போட ஆலத்தூர் நாட்டுப் பக்கம் போயிருப்பதாகவும், அங்கே போன் எடுக்காது என்றும் சொல்லிவிட்டு, செம்பியைப் பார்த்ததும் நாலடி தள்ளி நின்றுகொண்டார். அப்பா வண்டியைத் திருப்பினார். அந்தச் சாலை அப்போது வெறும் ஜல்லி. ஒவ்வொரு குழிக்கும் செம்பி விறைத்து விறைத்து உதைத்தாள், அவள் கால் என் விலாவில் இடித்துக்கொண்டே வந்தது. இடி, இன்னும் இடி, இடிக்கிறவரை உயிரோடு இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த அத்தனை சாமிக்கும் நேர்ந்துகொண்டேன். செம்பியைக் காப்பாற்று, நான் இனிமேல் முட்டை தின்ன மாட்டேன், பால் குடிக்க மாட்டேன், கறி தின்ன மாட்டேன் என்று. என்ன கேலி பாருங்கள், சாமிக்குக் கொடுக்கவும் எனக்குப் பத்தியம்தான் தெரிந்திருந்தது.

டாக்டரம்மா ஒரு பலா மரத்தடியில் நின்றிருந்தார், எதிரே ஐம்பது அறுபது ஆடுகள். வயது இருபத்தைந்துகூட இருக்காது. "வெறி நாயாட்டம் இருக்குதுங்க" என்று ஆட்டுக்காரர்கள் ஆடுகளை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். அவர் மட்டும் அருகே வந்து, முதலில் சாக்கை விலக்கி வயிற்றுப் பக்கம் பார்த்தார்.

"குட்டி எத்தனை?"

"அஞ்சுங்க" என்றேன்.

"போட்டு எத்தனை நாளாச்சு?"

"இருபத்தொண்ணுங்க."

"யாரையாவது கடிச்சுதா? இதை ஏதாவது கடிச்சுதா?"

"இல்லீங்க, சங்கிலியிலயேதான் இருந்தா."

"என்ன சாப்பாடு போடறீங்க?"

அப்பாவுக்குத் தெரியவில்லை. நான்தான் சொன்னேன், பள்ளிக்கூடத்தில் மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிறவள்போல ஒன்றுவிடாமல் சொன்னேன். "பத்தியமுங்க. பூண்டுக் கஞ்சி. பால் இல்லீங்க, முட்டை இல்லீங்க, கருவாடு இல்லீங்க, எலும்பு எடுத்தாக்கூடப் புடுங்கிப் போட்டுருவேனுங்க."

டாக்டரம்மாவின் கை ஒரு கணம் நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தார், திட்டவில்லை. "பாலா ஊறி ஊறி உடம்புல இருந்த சுண்ணாம்புச்சத்தெல்லாம் குட்டிகளுக்குப் போயிடுச்சும்மா. இவளுக்கு உள்ள ஒண்ணும் போகல. அதான் இப்படி இழுக்குது" என்றார். "பூண்டு நாய்க்கு ஆகவே ஆகாது." பேசிக்கொண்டே மாட்டுக்கு ஏற்றுகிற மருந்துப் பாட்டிலைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார்.

முன்னங்காலில் மயிரை மழித்து நரம்பைத் தேடி ஊசியைச் செருகினார். அப்பா தலையைப் பிடித்துக்கொண்டார், நான் ஈரச் சாக்கால் வயிற்றையும் பாதங்களையும் துடைத்தேன். காதில் குழாயை மாட்டிச் செம்பியின் நெஞ்சில் வைத்துக் கேட்டுக்கொண்டே, மருந்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கினார். "வேகமாப் போனா நெஞ்சு நின்னுடும்" என்று மட்டும் சொன்னார். நான் ஊசியையே பார்த்தேன். எத்தனை நேரம் என்று தெரியாது. முதலில் தாடையின் ஆட்டம் நின்றது. பிறகு பின்னங்கால்கள் தளர்ந்தன. பிறகு அவள் பெரிதாக ஒரு மூச்சு விட்டாள், படுத்தவாக்கிலேயே மூத்திரம் பெய்தாள், தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் யாரென்று தெரிந்த பார்வை. அப்பா தலைத்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான்.

கிளம்பும்போது டாக்டரம்மா அப்பாவிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார், அது எனக்கு இன்றும் மனப்பாடம். "ஒரு நாள் முழுக்கக் குட்டிங்கள இவகிட்ட விடாத. எவ்வளவு கத்தினாலும் விடாத. பசும்பால் பஞ்சுல தொட்டு நீயே குடு. நாளைக்கழிச்சு நான் வந்து பாக்கறேன், அப்புறம்தான் விடணும். திரும்ப நடுக்கம் வந்தா உடனே தூக்கிட்டு வந்துடு. புரிஞ்சுதா?" புரிந்தது. நன்றாகவே புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. கடைசியாக அப்பாவிடம், "வீட்ல பெத்தவ இருந்தா அவளுக்கும் பால் குடுங்கய்யா" என்றார்.

அன்று சாயங்காலம் அம்மா லச்சுமியைக் கறந்து, முதல் டம்ளரை அக்கா கையில் கொடுத்தாள், மீதியில் ஒரு முட்டையை உடைத்துவிட்டுச் செம்பிக்கு வைத்தாள். "எனக்கு இவ்வளவு தெரியாமப் போச்சே சாமி" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டாள். செம்பி சட்டியை நக்கி முடித்துவிட்டுச் சட்டியையே தள்ளிக்கொண்டு கொட்டாய் முழுக்கச் சுற்றினாள். அவளைக் கொட்டாயில் வைத்துப் படலைச் சாத்தினோம், குட்டிகளைக் கூடையில் போட்டு வீட்டுக்குள் வைத்துக்கொண்டோம்.

மறுநாள். இதை எழுதத்தான் இத்தனை தூரம் வந்திருக்கிறேன், ஆனாலும் இந்த இடத்தில் பேனாவை இரண்டு முறை கீழே வைத்துவிட்டேன். அப்பா அடிவாரத்தில் ஒரு சாவுக்கு விடியும்முன்னே வண்டியெடுத்துப் போய்விட்டார். கொட்டாயிலிருந்து செம்பி குரைக்கிற சத்தம்கூட ஓய்ந்துவிட்டதைக் குரங்குகள் எப்படித்தான் கண்டுபிடித்தனவோ, வாழைத் தோப்பில் இறங்கிவிட்டன. அம்மா தகரத்தைத் தட்டிக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். வீட்டில் அக்காவும் அவள் பிள்ளையும் நானும் மட்டும்.

ஐந்து குட்டிகளும் கத்தின. கத்தல் என்றால் நீங்கள் நினைக்கிற கத்தல் இல்லை. பஞ்சைத் துப்பிவிட்டு, கூடையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கண் திறந்து சில நாளே ஆன முகங்களைத் தூக்கிக்கொண்டு கத்தின. அந்தப் பக்கம் செம்பி படலைப் பிறாண்டினாள், மூக்கை இடுக்கில் விட்டு முனகினாள், பால் கட்டி மடி கல்லாகியிருந்தது. நான் காதைப் பொத்தினேன், கிணற்றடிக்குப் போய் நின்றேன், அங்கேயும் கேட்டது. மத்தியானம் ஆகும்போது ஐந்தில் நோஞ்சான், உள்ளங்கையில் அடங்குகிற பெட்டைக்குட்டி, கத்துவதை நிறுத்திவிட்டது. தலை தொங்கிவிட்டது, வாயில் பாலை விட்டால் வெளியே வழிந்தது.

ஒன்றே ஒன்று, இதை மட்டும், ஒரு வாய் மட்டும் என்று சொல்லிக்கொண்டு நான் படலைத் திறந்தேன்.

செம்பி அதை நக்கினாள், புரட்டினாள், மறுபடி நக்கினாள். அது காம்பைப் பிடித்துக்கொண்டது. உயிர் ஏறுவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. வீட்டுக்குள் மற்ற நாலும் கத்திக்கொண்டிருந்தன. போனேன், கூடையோடு தூக்கிவந்தேன். ஐந்தும் வரிசையாகப் படுத்து முட்டி முட்டிக் குடித்தன, செம்பி கண்ணை மூடிப் படுத்திருந்தாள், நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். கத்தல் ஓய்ந்த அந்த அரைமணி நேரம் எத்தனை நன்றாக இருந்தது தெரியுமா? அதற்குப் பிறகு அவற்றைப் பிய்த்தெடுத்து, வாயோரத்துப் பாலைப் பாவாடையால் துடைத்துவிட்டு, கூடையை இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்தேன். துடைத்தேன் பாருங்கள், அதில் தெரிகிறது எனக்கு எவ்வளவு புரிந்திருந்தது என்று.

மூன்று மணிக்குச் செம்பியின் பின்னங்கால் விறைத்தது.

நான் கத்தியதில் அக்கா ஓடிவந்தாள். அப்பாவுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை, மலைப்பாதையில் எங்கே இருந்தாரோ. மறுபடி ஓடிவந்தவர் மேல் வீட்டு மாமாதான், இந்தமுறை கையில் கழி இல்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை, செம்பியைச் சாக்கோடு வாரித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார், நான் பின்னால் ஓடினேன். பஸ் வந்தது. நாயை ஏற்ற முடியாது, வெறி நாய் மாதிரி இருக்கிறது என்று கண்டக்டர் மறித்தார்.

"வெறியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பால் குடுத்து ஓஞ்சு போயிட்டா, பெத்தவளுங்க, கொஞ்சம் வழி வுடுங்க சாமி" என்று மாமா கெஞ்சினார். நேற்றுக் கழியோடு நின்ற மனுசன். கண்டக்டர் வழி விட்டார். கடைசி சீட்டில் மாமா மடியில் செம்பி, அவர் காலடியில் நான். "கொஞ்ச நேரந்தான் தாயி, இந்தா வந்துருச்சு, இந்தா வந்துருச்சு" என்று அவளிடம் சொல்லிக்கொண்டே வந்தார். பாதி வழியில் உதைப்பு நின்றது. மருந்து ஏறியபோதும் இப்படித்தான் உதைப்பு நின்றது என்று நான் சந்தோஷப்பட்டேன். மாமா அவள் கண்ணை விரலால் மூடினார். அதற்குப் பிறகு அவர் "வந்துருச்சு" என்று சொல்லவில்லை.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே திரும்பினோம். மருந்து பத்தவில்லை என்றார்கள், விதி என்றார்கள், அவள் ஆயுசு அவ்வளவுதான் என்றார்கள். ஒருவர்கூட என்னை ஒன்றும் கேட்கவில்லை. "இந்தப் புள்ளதான் எப்படிப் பாத்துக்கிச்சு" என்று தலையைத் தடவினார்கள். அவர்கள் தடவத் தடவ நான் தலையை இழுத்துக்கொண்டேன். ஐந்தில் நாலு குட்டிகளைப் பிழைக்க வைத்தேன், மூன்றைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தோம். மீந்தது அந்த நோஞ்சான். அது பதினோரு வருடம் எங்கள் காட்டில் குரங்கு விரட்டியது.

இன்று கொட்டாய் இருந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. மேல் வீட்டு மாமா போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் பிள்ளைகள் தங்கள் காட்டில் சுற்றுலா வந்துபோகிறவர்களுக்கு அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ஜல்லிச் சாலை தார்ச் சாலையாகிவிட்டது, போன் போட்டால் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மருத்துவ வண்டி வாசலுக்கே வருகிறது. குரங்குகள் மட்டும் அப்படியே இருக்கின்றன, விரட்டத்தான் வீட்டில் நாய் இல்லை. நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பூண்டுக் குழம்பு அம்மா இன்றும் வைக்கிறாள், ஆனால் அதோடு ஒரு சொம்புப் பாலும் இரண்டு முட்டையும் வருகின்றன. நான் தின்று முடிக்கிறவரை எதிரே உட்கார்ந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த சுண்ணாம்புச்சத்து மாத்திரை பெரிது, வெள்ளை வெளேரென்று இருக்கும், தொண்டையில் நின்று நின்றுதான் இறங்கும்.

நேற்று மத்தியானம் பிள்ளை விடாமல் அழுதான். அவன் அழ அழ எனக்குத் தாங்கவில்லை, அக்காவுக்குப் போன் போட்டேன். எதற்குப் போட்டேன் என்று நினைப்பதற்குள் சொல்லிவிட்டேன், படலைத் திறந்தது, ஐந்தையும் விட்டது, பாவாடையால் துடைத்தது, எல்லாம்.

 

"தெரியும் கண்ணு" என்றாள் அக்கா. "சன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். வேண்டாம்னு கத்தியிருக்கலாம். எனக்கும் அன்னிக்கு மாரு கட்டிப்போயிக் கெடந்துச்சு. அதுக கத்தக் கத்த எனக்கும் தாங்கல. நீ தொறந்ததும், அப்பாடான்னுதான் இருந்துச்சு எனக்கு."

"ஏன்க்கா சொல்லல இத்தன வருசமா?"

"நீ ஏன் சொல்லல?"

பிள்ளை இன்னும் அழுதுகொண்டிருந்தான். "புள்ள அழறான் பாரு, மொதல்ல மாத்திரையப் போட்டுக்கிட்டு, அப்பறமாப் பால் குடு" என்றாள் அக்கா. அவளும் அழுகிறாள் என்று குரலில் தெரிந்தது. நான் மாத்திரையை வாயில் போட்டு, சொம்புப் பால் முழுவதையும் குடித்துவிட்டு, பிள்ளையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன்.